மூன்று எழுத்து அதிகம்

ஒரு பெண் முஸ்லிமாகப் பிறந்துவிட்டாளே என்று நான் மூன்று வருஷம் வயிறெரிந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். அவள் பெயர் நசீமா. நெடுங்காட்டில் நான் படித்த ஆரம்பப் பள்ளியில், எங்கள் வகுப்புக்கு இருந்த ஒரே முஸ்லிம் பிள்ளை அவள்தான்.

காரைக்கால் டவுன் பக்கம் என்றால் வகுப்புக்குப் பத்து நசீமா இருப்பார்கள். எங்களுடையது உள்ளே தள்ளி, வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கிற ஊர். குவைத்திலிருந்து திரும்பிய அவளுடைய வாப்பா, இங்கே பம்புசெட்டும் பைப்பும் நன்றாக விற்கும் என்று வந்து மெயின்ரோட்டில் கடை திறந்தார். கடைக்கு மேலேயே குடியிருந்தார்கள். என் பொறாமை அந்த மாடியில்தான் ஆரம்பித்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கும் மாடி கிடையாது. "அவங்க ஏம்மா நம்ம தெருவுக்குக் குடி வரல?" என்று அம்மாவிடம் கேட்டேன். "நம்ம தெருவுல அவங்களுக்கு யாரு வூடு குடுப்பா?" என்றாள் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே. ஓகோ, அவர்கள் தகுதிக்கு ஏற்ற வீடு எங்கள் தெருவில் இல்லை போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். எரிச்சல் இன்னும் ஒரு படி ஏறியது.

அம்மாவுக்கு நசீமாவைப் பிடிக்கும். "சாயபு வூட்டுப் பொண்ணா இருந்தாலும் என்ன அடக்கம், என்ன மரியாதை! நீயும் இருக்கியே" என்பாள். என்னைப் பற்றி ஒரு தடவையாவது அப்படி ஒரு 'இருந்தாலும்' போட்டுப் பேசியிருக்கிறாளா? கிடையாது. நான் வெறுமனே தறுதலை.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. அசல் வயிற்றெரிச்சல் மேடையில் இருந்தது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் இரண்டு கொடியேற்றம். ஆகஸ்டில் நாட்டோடு சேர்ந்து ஒன்று, நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரன் போனதற்கு இன்னொன்று. இரண்டுக்கும் மிட்டாய் உண்டு, கலைநிகழ்ச்சி உண்டு, நிகழ்ச்சியில் ஒருமைப்பாட்டுக் காட்சி கட்டாயம் உண்டு. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று மூன்று பேர் கைகோத்து வந்து ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும். இந்துவுக்கு வகுப்பில் முப்பது பேர் போட்டி. கிறிஸ்தவப் பையன்கள் மூன்று பேர், அவர்களுக்குச் சீட்டுக் குலுக்குவார்கள். முஸ்லிமுக்குப் போட்டியே இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை, கேட்காமல் கொள்ளாமல் நசீமா மேடையேறிவிடுவாள். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

இந்துவாக எப்போதும் தபால் ஆபீஸ்காரர் மகளைத்தான் டீச்சர் எடுப்பார். அவள் நல்ல சிவப்பு. நான் கறுப்பு. டீச்சர் அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை, தங்கமான மனுஷி. "ஒனக்குத் தொண்டை நல்லா இருக்கும்மா. நீ கும்மியில பின்னால நின்னு பாடு, மைக்கே வேணாம்" என்பார். அதைப் பாராட்டு என்று நம்பி நானும் பின்வரிசையில் நின்று கத்து கத்தென்று கத்தினேன்.

மூன்று வசனமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தபால் ஆபீஸ்காரர் மகள் "நாங்கள் இந்தியர்கள்" என்பாள். கிறிஸ்தவப் பையன் "நாங்களும் இந்தியர்கள்" என்பான். கடைசியாக நசீமா, "நாங்களும் இந்தியர்கள்தான்!" என்பாள். மற்ற இருவருக்கும் சுமாராகத் தட்டுகிற கூட்டம், அவளுக்கு மட்டும் கை ஓயாமல் தட்டும். ஒருநாள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்றையும் எழுதி எழுத்து எழுத்தாக எண்ணிப் பார்த்தேன். இந்துவைவிட முஸ்லிமுக்கு மூன்று எழுத்து அதிகம். இதைக் கேட்க இந்த ஊரில் ஆளே இல்லையா என்று இருந்தது.

ஐந்தாம் வகுப்பில் நவம்பர் வந்தது. அடுத்த வருஷம் வேறு பள்ளிக்குப் போய்விடுவேன். இதை விட்டால் அந்த மேடை எனக்கு இல்லை. மானத்தை விட்டுக் கேட்டேன்: "டீச்சர், இந்தத் தடவை நான் முஸ்லிமா வரட்டுமா?"

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "அசல் ஆளே இருக்கறப்ப வேஷம் எதுக்குடி?"

அன்று சாயங்காலம் அக்காவின் பச்சைத் துப்பட்டாவைத் தலையில் சுற்றி, பொட்டை அழித்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். எனக்கே புல்லரித்தது. பின்னாலிருந்து முதுகில் பளாரென்று ஒன்று விழுந்தது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொட்ட அழிச்சுக்கிட்டு நிக்கிற! அவுருடி அத!" என்றாள் அம்மா. அடக்கம், மரியாதை என்று இவள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற பெண்ணைப் போலத்தானே நிற்கிறேன், இதற்கு எதற்கு அடி? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் நேராக நசீமாவிடமே கேட்டுவிட்டேன். சண்டைக்கு வருவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவளோ, "எடுத்துக்கயேன்" என்றாள், பென்சில் கேட்டால் கொடுப்பதுபோல. "எனக்கு ஒங்களோட நின்னு கும்மி அடிக்கணும்டி. அந்தப் பச்ச முக்காட்டப் பாத்தாலே எரிச்சலா வருது. எங்க உம்மாகூட அப்படி ஒண்ணு போட்டதில்ல."

அந்த முக்காடு டீச்சர் பழைய ஜன்னல் திரையை வெட்டித் தைத்தது. நெற்றிக்கு நேராக ஜிகினாக் காகிதத்தில் ஒரு பிறையும் நட்சத்திரமும் ஒட்டியிருக்கும். எனக்கு அது கிரீடமாகத் தெரிந்தது.

இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு டீச்சரிடம் போனோம். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ போய்க் கும்மியில நின்னுட்டா, முஸ்லிமுக்கு நான் எங்கம்மா போறது?"

நசீமா நகரவில்லை. "அப்ப தபால் ஆபீஸ்காரர் பொண்ணு சொல்றதையே நானும் சொல்றேன் டீச்சர். நாங்கள் இந்தியர்கள்னு. எனக்கு மட்டும் எதுக்கு 'நாங்களும்', 'தான்' எல்லாம்?"

"அதுலதாம்மா உருக்கமே இருக்கு. அத எடுத்துட்டா யாரு கை தட்டுவா?" என்று டீச்சர் அவள் கன்னத்தைத் தட்டி அனுப்பிவிட்டார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! கொழுப்பைப் பாருங்கள். இங்கே ஒருத்தி அரை வசனத்துக்கு வழியில்லாமல் நிற்கிறாள். நசீமாவுக்கு மூன்று எழுத்து கூடுதலாகக் கொடுத்தால் வேண்டாமாம். அன்றிலிருந்து அவளோடு 'கா' விட்டேன்.

நவம்பர் முதல் தேதி நல்ல மழை. மேடைக்கு மேலே தார்ப்பாய் கட்டி, சேற்றில் மணல் கொட்டி எப்படியோ நிகழ்ச்சியை ஆரம்பித்தார்கள். அம்மா முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டாள். நசீமாவின் உம்மா கேட்டோரம் குடை பிடித்து நின்றிருந்தார். கும்மி முடிந்ததும் எங்களை மேடைக்குக் கீழே ஓரமாக நிற்க வைத்தார்கள். ஒருமைப்பாட்டுக் காட்சி வந்தது. தபால் ஆபீஸ்காரர் மகள் சொன்னாள். கிறிஸ்தவப் பையன் சொன்னான். நசீமா மைக்குக்கு முன்னால் வந்தாள்.

"நாங்கள் இந்தியர்கள்" என்றாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

இன்னும் ஏதோ வரப்போகிறது என்று கூட்டம் காத்திருந்தது. ஒரு கை தட்டவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. மூன்று வருஷமாகச் சொன்ன வசனத்தை மறந்து தொலைத்துவிட்டாள்! எனக்குத்தான் மைக் வேண்டாத தொண்டை ஆயிற்றே. "நாங்களும்! நாங்களும்னு சொல்லணும்! 'தான்' விட்டுட்டா டீச்சர்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர், "சொல்லும்மா, முழுசா சொல்லும்மா" என்று கையை ஆட்டினார். நசீமா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மைக்குக்குக் குனிந்து, "நாங்களும் இந்தியர்கள்தான்" என்றாள். தார்ப்பாய் அதிரக் கை தட்டினார்கள். என் அம்மா எழுந்து நின்றே தட்டினாள்.

நல்ல சமயத்தில் காப்பாற்றினாய் என்று டீச்சர் எல்லோர் முன்னாலும் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மூன்று வருஷத்தில் அன்றுதான் நசீமாமேல் எனக்குத் துளிக்கூடப் பொறாமை இல்லை. 'கா' விட்டதையும் மறந்து அவளிடம் ஓடினேன். "நான் மட்டும் இல்லன்னா என்னடி ஆயிருக்கும்? மறந்துட்டியே!" என்றேன்.

"நான் மறக்கல" என்றாள். முக்காட்டை அவிழ்த்து நாற்காலியில் வைத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே உம்மாவிடம் போய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அம்மாவிடம் அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டு வந்தேன். "மறந்துட்டு, மறக்கலன்னு பொய் சொல்றாம்மா. நான்தான் எடுத்துக் குடுத்தேன்னு ஒத்துக்கக்கூட மாட்டேங்கறா."