ஈரல் துண்டும் என் வெற்றிக் கோப்பையும்

எங்கள் தெருவில் பாலிதீன் பையை ஒழித்தவன் நான்தான் என்று சங்கரன்கோவிலில் ஒரு விழா வைத்து எனக்குக் கோப்பை கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த பெரிய கோப்பை. அதை நான் வாங்கியிருக்கக் கூடாது.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியன். தெருச் சங்கத்தின் தலைவன். பாலிதீன் மட்காது என்று ஒன்றரை மணி நேரம் பேசி, என் படம் அச்சிட்ட துணிப்பைகளை வீடு வீடாகக் கொடுத்தேன். மறுவாரம் என் முகம் தண்ணீர் மோட்டாருக்கு உறையாகவும், ஸ்கூட்டர் துடைக்கும் துணியாகவும் இருந்தது. கறி மட்டும் பழையபடி பாலிதீன் பையில்தான் வந்தது.

தெருமுனைக் கறிக்கடைக்காரர் எதுவும் பேசவில்லை. கடையில் பாலிதீன் பை வைப்பதை நிறுத்தினார். சட்டி, தூக்குவாளி என்று ஏதாவது ஏனம் கொண்டுவந்தவர்களுக்கு எடைக்கு மேல் ஒரு துண்டு ஈரல் போட்டார். மறந்து வந்தவர்களுக்குத் தன் தூக்குவாளியைக் கொடுத்து, மறுநாளே கேட்டு வாங்கினார். ஒரு மாதத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே தூக்குவாளியும் கையுமாக நடந்தது. சைவக்காரர் ஒருவர்கூடச் சட்டியோடு எட்டிப் பார்த்தாராம். அதை மட்டும் நான் நம்பவில்லை.

விழா மேடையில், இதற்கெல்லாம் உங்கள் துணிப்பைதானே காரணம் என்று கேட்டார்கள். தலையாட்டினேன். கறிக்கடைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். அந்தக் கைதட்டல் எனக்குச் செரிக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு கறி வாங்க மனைவியிடம் ஏனம் கேட்டேன்.

“எல்லாத்திலயும் மாவு கிடக்கு. அவரு செஞ்ச வேலைக்கு நீங்க வாங்கின கப்பு சும்மாத்தான இருக்கு, அதைக் கொண்டு போங்க.”

வீம்புக்கு எடுத்துப் போனேன். வரிசையே திரும்பிக் கோப்பையைப் பார்த்தது. கடைக்காரர் கோப்பையை எடைபோட்டுக் கழித்து, அரைக்கிலோ கறி போட்டார். பிறகு ஈரலைக் கையில் எடுத்தார்.

“அண்ணாச்சி, ஒண்ணு போதுமா? பெரிய ஏனமால்லா இருக்கு.”

அந்தக் குரலில் துளிக்கூடக் கேலி இல்லை. அதுதான் என்னை உடைத்தது.

“வேண்டாம்வே. இந்தக் கப்பு உமக்கு வரவேண்டியது. மேடையில நான் பொய்யாத் தலையாட்டிட்டேன்.”

பின்னால் நின்றவர் சலித்துக்கொண்டார். “அது ஊருக்கே தெரியுமே. தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, வீட்டுல எண்ணெய் காயுது.”

கடைக்காரர் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் கறியைத் தேக்கிலையில் கொட்டிக் கட்டிவிட்டு, ஈரல் துண்டுகளை எல்லாம் கோப்பையில் நிரப்பிப் பலகைமேல் வைத்துக்கொண்டார். இப்போது என்னிடம் ஏனம் இல்லை; ஆகவே எனக்கு ஈரலும் கிடையாது. ஆணியில் தொங்கிய துணிப்பை ஒன்றை எடுத்து, பொட்டலத்தை அதில் போட்டுக் கொடுத்தார்.

பையில் என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் கறி கசிந்து, பல்லெல்லாம் சிவந்துவிட்டது.