பேபி காருக்குச் சொன்ன குறை

மலையாண்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அரிமளத்தில் சொல்வார்கள். தெரியாமல்தான் இருந்தது, அம்பாசடர் பேச்சு வரும்வரை.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த நாற்பத்தெட்டில், ஊரைக் காலிசெய்துகொண்டு போன அரண்மனை அதிகாரி ஒருவர் தம் பேபி காரை அரிசி மண்டி ஜைனுதீன் ராவுத்தரிடம் விற்றுவிட்டுப் போனார். அன்று முதல் மலையாண்டிதான் டிரைவர். தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்ததுபோல் இருக்கும் அந்த வண்டி. ஆனாலும் கண்மாய்க்கரை, சரளைமேடு எதுவானாலும் முக்காமல் ஏறும். பெண்டாட்டி பொன்னுத்தாயிடம் பேசியதைவிட அதனிடம் அவன் பேசியதுதான் அதிகம்.

"புதுசு வாங்குனா இது ஒனக்குத்தான்டா" என்று ஒரு பெருநாளன்று ராவுத்தர் சொல்லிவைத்தார். அவ்வளவுதான். திருமயத்துக்கு வாடகைக்கு ஓட்டலாம், யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று மலையாண்டி மனக்கோட்டை கட்டிவிட்டான். ராவுத்தரோ புதுசு வாங்குகிற வழியாய் இல்லை. பிள்ளைகள் ஐந்தாகியும் மடிமேல் மடியாக அடைத்துக்கொண்டுதான் போனார்.

அறுபதில் ஒருநாள் அவனையே கேட்டார். "அம்பாசடர் நல்லாருக்குன்றாக. நமக்கு இதுவே போதாதா?"

"அதும் இதும் ஒண்ணா மொதலாளி? அதுல நாலு கதவு. குடும்பமே காலை நீட்டி ஒக்காரலாம், பெட்டி படுக்கையப் பின்னாடி போடலாம். இதுல பிரேக்கு சரியாப் பிடிக்கல. புள்ளைகள ஏத்துறப்பல்லாம் எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

முன்பாதி நிஜம். பின்பாதி வடிகட்டின பொய்.

"கஞ்சி ஊத்துற வண்டியத் தூத்தலாமா?" என்றாள் பொன்னுத்தாய், வீட்டில் அவன் சொல்லக் கேட்டு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது என்று அதட்டிவிட்டான்.

அம்பாசடர் வந்தது. பேபி காரைப் பளபளவென்று துடைத்துவைத்துக்கொண்டு மலையாண்டி காத்திருந்தான். ராவுத்தர் அவன் தோளில் கைவைத்தார்.

"இதப் புதுக்கோட்டை இரும்புக் கடையில ஒடைக்கக் குடுத்துட்டு வந்துரு."

"மொதலாளி... எனக்குன்னு சொன்னீக..."

"சொன்னேன், இல்லைங்கல. ஆனா நமக்கு ஆகாதுன்னு கழிச்சத அடுத்தவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு எங்க மார்க்கத்துல இருக்கு. எம்புள்ளைக்கு ஆகாத வண்டி ஒம்புள்ளைக்கு மட்டும் ஆகுமா? விக்கவும் மனசு வரல."

நல்ல மனிதர்தான். அந்த நல்ல மனசுதான் மலையாண்டி வயிற்றில் அடித்தது. கெட்டவராக இருந்தால் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டால் வண்டியோடு வேலையும் போகும். தவளை தன் வாயால் கெட்டது.

வழியெல்லாம் பேபி கார் ஒரு இருமல்கூட இருமவில்லை. இரும்புக் கடை வாசலில் மாடு ஒன்று குறுக்கே புகுந்தது. பிரேக்கை மிதித்தான், வண்டி ஆணி அடித்ததுபோல் நின்றது. கடைக்காரர் ஷேக் பரீது வெளியே வந்து சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"கல்லு மாதிரி நிக்குதேப்பா! இதப் போயி ஏன் ஒடைக்கச் சொல்றாக?"

மலையாண்டி சாவியை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"பிரேக்கு பிடிக்காதுங்க" என்றான்.