தங்கச்சியின் தலை அளவு

தொப்பிப் பட்டறையில் அவளுக்கு ‘மௌனசாமி’ என்று பேர். பன்னிரண்டு தையல் மெஷின் ஓடுகிற கூடத்தில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்திப் பேசுவார்கள். அவள் வாயே திறக்க மாட்டாள். நனைத்த வைக்கோல் பின்னலை உச்சியில் பொட்டுபோலச் சுருட்டி, சுற்றிச் சுற்றித் தைத்து விளிம்புக்கு வந்துவிட்டால் ஒரு தொப்பி. வேலை முடிந்தால் மாடியில் ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு.

அம்மா போனபின் தங்கச்சியை ஆளாக்கியவள் அவள்தான். தங்கச்சி கல்யாணமாகித் தொலைவுக்குப் போய்ப் பதினோரு வருஷம். ஒரு வருஷமாகப் போன்கூட அபூர்வம். தானாகக் கூப்பிட இவளுக்கு ரோஷம். திடீரென்று ஒருநாள், “அக்கா, ஞாயித்துக்கிழமை வர்றேன். சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பணும்” என்று போன் வந்தது.

இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மெல்லிய பின்னலாகப் பொறுக்கி ஒரு தொப்பி தைத்தாள். அளவு கேட்கவில்லை. எத்தனை வருஷம் வாரிப் பின்னிவிட்ட தலை!

தங்கச்சி தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாள். ஆசையாகத் தொப்பியை வைத்தால், அது சர்ரென்று இறங்கிக் கண்ணை மறைத்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு தங்கச்சி துணியை அவிழ்த்தாள். சடை இருந்த இடத்தில் பூனைமுடிதான் இருந்தது.

“என்னடி இது?”

“உடம்பு சரியில்லாம இருந்துச்சுக்கா. மருந்துல கொட்டிருச்சு. இப்ப தேவலை.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணுவ? இங்க ஒத்தையா உக்காந்து அழுவ. பக்கத்து வீட்டு அக்காதான் சோறாக்கிக் குடுத்து, ஆஸ்பத்திரிக்கும் கூட வந்தாங்க.”

அந்த ‘அக்கா’ நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

“தொப்பிக்குள்ள துணி வெச்சுக்கறேன், விடுக்கா.”

“சும்மா இரு.”

நாடாவால் அளந்தாள். விரலுக்கடியில் மண்டை பச்சைக்குழந்தையுடையதுபோல இளஞ்சூடாக இருந்தது. விளிம்பிலிருந்து நூலைப் பிரித்துக்கொண்டே உச்சிவரை போனாள். பின்னலை நனைத்துக் கையாலேயே மறுபடி தைத்தாள். தங்கச்சி கட்டிலில் படுத்தபடி டாக்டரைப் பற்றி, நர்ஸைப் பற்றி, யார் யாரைப் பற்றியோ சொன்னாள். இவளுக்கு ஒருத்தரையும் தெரியாது.

பஸ் நிலையத்தில் தொப்பி கச்சிதமாக உட்கார்ந்தது. “ஈரம் காயட்டும், அழுத்தாத” என்றாள்.

மறுநாள் மத்தியானம் இவளே போன் போட்டாள். தங்கச்சி புருஷன் எடுத்தான்.

“தூங்கறா. எழுப்பட்டுமா?”

“வேணாம், தூங்கட்டும். அப்புறம் கூப்பிடறேன்.”

சாயங்காலம் கூப்பிட்டாள். “சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா” என்பதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. தங்கச்சி கொட்டாவி விடுகிற வரைக்கும் போனை வைக்காமல் இருந்தாள்.