ராகு காலத்தில் ஒரு கழுவல்

என்னோடு திருப்பதியில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவர்கள் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சித்தூரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் புத்தலப்பட்டு பஸ்ஸில் ஏறினேன். இறங்கும் இடம் ஒரு மாம்பழக்கூழ் ஆலை. கணக்குப் படித்தவளுக்கு மாம்பழத்தோடு என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னேன். எனக்கு வாய் நீளம்.

வேலை இதுதான். வெளிநாட்டு வியாபாரத்துக்கு நாட்டின் கதவைத் திறந்துவிட்ட புதிது. கூழ் கப்பலேறத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு வேண்டியது காதர், மற்ற ஊர்களில் அல்போன்சா என்பார்களே, அது. உள்ளூர் ஜூஸ் கம்பெனிகளுக்கு பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. இரண்டும் ஓடுவது ஒரே மெஷினில். காதருக்குப் பின் பெங்களூரா என்றால் தண்ணீரில் அலசினால் போதும். பெங்களூராவுக்குப் பின் காதர் என்றால் தொட்டி, குழாய் எல்லாவற்றையும் காஸ்டிக் சோடா போட்டு ஒன்றரை மணி நேரம் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் வாசனை கலந்து சரக்கு திரும்பி வந்துவிடும். எந்த லாரி முதலில் வந்ததோ அந்தப் பழம் முதலில் ஓடும் என்பதுதான் அதுவரை ஆலையின் சட்டம். அதனால் ஒரே நாளில் மூன்று நான்கு முறை கழுவினார்கள். கழுவி முடிப்பதற்குள் பெட்டியில் இருந்த பழம் குழைந்துவிடும். கழுவல் குறைகிற மாதிரி வரிசை போட்டுக் கொடுக்கத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு பேட்ச் பழத்தை வரிசைப்படுத்த நாற்பத்தேழு கோடிக்கு மேல் வழி உண்டு. அத்தனையையும் பார்க்கத் தேவையில்லை. ஒரு கிளையில் கொஞ்ச தூரம் இறங்கியதுமே இது தேறாது என்று தெரிந்தால், கிளையோடு வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். படிக்கும்போது எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. கணக்குப்பிள்ளை அறையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் அதை எழுதி ஏற்றினேன். அது யோசித்து முடிப்பதற்குள் நான் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். ஆனால் சொன்னால் சரியாகச் சொல்லும். நாளைக்கு ஒரே ஒரு கழுவல் போதும் என்றது.

என் அட்டவணை ஓடத் தொடங்கிய முதல் நாள், வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்குக் கழுவி முடித்து காதரை ஏற்ற வேண்டும். பதினொன்றரைக்குப் போய்ப் பார்த்தால் மெஷின் சும்மா நிற்கிறது, பழம் பெட்டியில் வியர்த்துக்கொண்டிருக்கிறது. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் ஏத்தல?" என்றேன்.

"ராவு காலம் அம்மாயி. பன்னெண்டுக்குத்தான் முடியும். ராவு காலத்துல புதுப் பழம் ஏத்தமாட்டோம்."

"பழத்துக்கு ராவு காலம் தெரியுமாண்ணா?"

"பாய்லருக்குத் தெரியும். போன வருசம் ஏத்தினோம், நின்னு போச்சி. நீ ரூம்ல ஒக்காந்துக்கினு போட்ட கணக்குக்கு அதெல்லாம் தெரியுமா?"

நான் கத்தினேன். அவர் கத்தவில்லை, பன்னிரண்டு அடித்த பிறகுதான் ஏற்றினார். அன்றைக்கு ஒரு பேட்ச் காதர் குப்பைக்குப் போனது. சாயங்காலம் முதலாளி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "சூடம்மா, அடுத்த சனிக்கிழமை கண்டெய்னர் வருது. அதுக்குள்ள காதர் எல்லாம் டிரம்ல இருக்கணும். இல்லன்னா நீங்க ஊருக்குப் போயிடலாம்" என்றார்.

ஊர் என்றால் வரதய்யபாளையம் பக்கம். எங்கள் வீட்டில் நைனா காலம் வரைக்கும் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது, எல்லாரும் கூலிக்குப் போனவர்கள். "எம் பொண்ணு கம்பெனில கணக்கு போடுது" என்று நைனா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்த முகத்தின் முன்னால் பெட்டியோடு போய் நிற்க என்னால் முடியாது.

மறுநாள் காலை ஒன்பது மணி. சனிக்கிழமை ராகு காலம். எரிச்சலோடு வாசலில் நின்று பார்த்தேன். பெண்கள் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், ஆண்கள் பெட்டிகளை அலம்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் சும்மா இல்லை.

"அண்ணா, ராவு காலத்துல மெஷின் கழுவலாமா?"

"கழுவறதுக்கு என்னா தோஷம்? அழுக்கு எப்ப போனா என்ன, நல்லதுதானே."

ராகு காலம் ஒன்றரை மணி நேரம். கழுவலும் ஒன்றரை மணி நேரம். இத்தனை நாளாக இது என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். 'திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்த வரிசையை, திங்கள் ஏழரை, சனி ஒன்பது, வெள்ளி பத்தரை என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன். கழுவலை அந்தந்த நேரத்தில் மட்டும் வை என்றேன். கட்டுப்பாடு ஒன்றைக் கூட்டினால் விடை இன்னும் நன்றாக வர வாய்ப்பே இல்லை என்பது பாலபாடம். தாளில் வரவும் இல்லை. முன்பு வந்த அதே நேரம்தான் வந்தது. ஆனால் முன்பு போட்ட தாளை யாரும் மதிக்கவில்லை. இந்தத் தாளை சூப்பர்வைசர் இரண்டு முறை படித்தார். பிறகு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அவரே பாய்லர் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்.

அந்த வாரம் ஓடிய ஓட்டம்! ஒரு நாள்கூட இரண்டாவது கழுவல் இல்லை. வியாழக்கிழமை பழ லாரி தாமதமானபோது சூப்பர்வைசரே என் அறைக்கு வந்து, "அம்மாயி, மறுபடியும் போட்டுக் குடு, நாங்க காத்துக்கினு இருக்கோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு என் எம்.எஸ்ஸி. பட்டத்தைக் கொடுத்துவிடலாம்.

சனிக்கிழமை கண்டெய்னர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே கடைசி டிரம்முக்கு சீல் வைத்தார்கள். ஒரு பெட்டி காதரும் வீணாகவில்லை. பெண்கள் கை தட்டினார்கள். நான் மறைக்கப் பார்க்கவில்லை, எல்லார் முன்னாலும் அழுதேன்.

முதலாளி டிரம்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சீசன் முடியறவரைக்கும் இருங்கம்மா" என்றார்.

"சீசனுக்கு மட்டும்னா இருக்கமாட்டேன் சார். நிரந்தரமா போடுங்க."

இவ்வளவு துணிச்சலாகப் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை. அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தலையாட்டினார்.

"சரே. திங்கக்கிழமை எட்டு மணிக்கு ஆபீசுக்கு வந்து ஆர்டர் வாங்கிக்கோங்க."

"எட்டு மணி வேணாம் சார், ராவு காலம். ஒம்பதுக்கு மேல குடுங்க" என்றார் சூப்பர்வைசர்.

திங்கட்கிழமை ஒன்பது பத்துக்குப் போய், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.