குன்று ஏற்றாத மாத்திரைகள்

புனேயில் நிகடிக்குப் பக்கத்தில் ஒரு குன்று இருக்கிறது. இங்கே டேக்டி என்பார்கள். விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு டேக்டி ஏறாவிட்டால் புனேக்காரர்களுக்குப் பொழுது விடியாது. கல்யாணமாகி பக்கத்து ஆகுர்டிக்குக் குடிவந்த புதிதிலேயே என் மனைவியையும் அந்தப் பழக்கம் பிடித்துக்கொண்டது. நான் கார் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் இருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்குவேன். "ரிடயர் ஆனதும் தினமும் உன்கூட வர்றேன்" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினேன்.

ரிடயர் ஆனேன். கூடவே நுரையீரலும் ரிடயர் ஆகிவிட்டது. பெயிண்ட் புகையும் சிகரெட்டும் பங்கு போட்டுச் செய்த வேலை. சிஓபிடி என்றார் டாக்டர். மூச்சுக்குழல்கள் சுருங்கிப்போகும் நோய், போனது திரும்பாது, இன்ஹேலரை ஒழுங்காக இழுத்தால் மட்டுப்படுத்தலாம். சிகரெட்டை விட்டேன். தினமும் அடிவாரத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, மனைவி மேலே போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். மனதில் ஒரே ஏக்கம்தான். ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவளோடு உச்சிக்குப் போய் நிற்க வேண்டும்.

அப்போதுதான் வைட்டமின்கள் வீட்டுக்குள் வந்தன. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருக்கிறது என்று டாக்டர் வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அத்தோடு நின்றிருக்கலாம். நிற்குமா? அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் முன்பெல்லாம் சாக்லேட் கொண்டுவருவார்கள், இப்போது வைட்டமின் டப்பா. அங்கிருந்து வந்த எங்கள் மகள் ஒரு பெரிய டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். மனைவியோ டேக்டித் தோழிகளின் பேச்சைக் கேட்டு ஏதோ பொடியை வாங்கி தினமும் என் பாலில் கலக்கினாள். நான் என் பங்குக்கு மருந்துக்கடையில் கால்சியம் வாங்கினேன். வைட்டமின்தானே, விஷமா என்ன? ஒவ்வொன்றையும் விழுங்கும்போது மனதுக்குள் டேக்டியில் ஒரு வளைவு ஏறிவிடுவேன்.

நடந்தது வேறு. தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. மலச்சிக்கல், குமட்டல், கால்களில் பலமே இல்லை. பெஞ்சுவரை நடப்பதே பெரும்பாடானது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து, மனைவிக்குத் தெரியாமல் அழுதேன்.

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். வீட்டில் இருக்கும் மாத்திரை, பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளி வரச் சொன்னார். மேஜைமேல் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். வாரம் ஒருமுறை குடிக்கவேண்டிய பொடியை நான் தினமும் குடித்திருக்கிறேன். எழுதிக் கொடுத்த மாத்திரையில் இருப்பதும் அந்தப் பொடியில் இருப்பதும் ஒன்றே, வைட்டமின் டி. அமெரிக்க டப்பாவிலும் அதுவே கொஞ்சம். மூன்றும் சேர்ந்து, நான் வாங்கிய கால்சியமும் சேர்ந்து, ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிட்டிருந்தன. என் சோர்வு நுரையீரலால் வந்ததல்ல.

"குறைவா இருந்தா ஈடுகட்டத்தான் வைட்டமின். அதிகமா எடுத்தா நுரையீரல் வளராது அங்கிள், சிறுநீரகம்தான் கெடும்," என்று இந்தியில் சொன்னார். எல்லாவற்றையும் நிறுத்தினார். இனி எதை வாங்கினாலும், யார் கொடுத்தாலும், வாயில் போடும் முன் தன்னைக் கேட்க வேண்டும். இன்ஹேலரை மட்டும் ஒருநாளும் விடக்கூடாது என்றார்.

எழுந்திருக்கும்போது கேட்டுவிட்டேன், "டேக்டி உச்சிக்குப் போவேனா?"

டாக்டர் பொய் சொல்லாத பெண். "அது என்னால சொல்ல முடியாது. அங்க ஏத்திவிடுற மாத்திரை எதுவும் கிடையாது. சமதரையில தினமும் நடங்க, மூச்சுப் பயிற்சி பண்ணுங்க, பார்ப்போம்."

சில வாரங்களில் தாகம் அடங்கியது, கால்களுக்குத் தெம்பு வந்தது. ஒரு காலையில் அடிவாரத்தில் மனைவி மேலே போகாமல் என் பக்கத்திலேயே நின்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்காக நீ நிக்க வேணாம், போ. மேல காத்து நல்லா இருக்கும்."

"காத்துக்கா இத்தனை வருஷமா ஏறுனேன்? அங்க நின்னா உங்க ஃபேக்டரி கூரை தெரியுங்க. நீங்க உள்ள இருக்கீங்கன்னு கொஞ்ச நேரம் பாத்துட்டு எறங்கி வருவேன். நீங்க ரிடயர் ஆனப்புறமும் பழக்கத்துல ஏறிட்டிருந்தேன். இப்போ நீங்கதான் கீழ இருக்கீங்களே."

மூச்சுப் பயிற்சியில் பழகியபடி உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விட்டேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சமதரையில் நடக்க ஆரம்பித்தேன்.