பவர் ஹவுஸ் கைப்பிடி

கல்லலுக்குத் தெற்கே, காக்கைகூட உட்கார யோசிக்கும் செம்மண் பொட்டலில் எங்கள் முதலாளியம்மா ஆச்சியின் வீட்டுப் பண்ணை இருந்தது. அறுபதுகளில் அங்கே அரசாங்கக் கரண்டு வந்திருக்கவில்லை. பர்மாவில் சம்பாதித்துத் திரும்பிய ஆச்சியின் மாமனார், பண்ணை பங்களாவுக்கென்றே ஒரு பவர் ஹவுஸ் கட்டியிருந்தார். தேக்குக் கதவு, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசி வழவழப்பாக்கிய சுவர், வாசலுக்கு மேல் சுதையில் கஜலட்சுமி. இத்தனை சீரோடு உள்ளே குடியிருந்தது ஓர் ஆயில் இன்ஜின். அதை ஓட்டிய அப்பாவும், அம்மாவும் நானும் பின்னால் ஓலைக் குடிசையில், சிமினி விளக்கோடு குடியிருந்தோம்.

அந்தக் கட்டடம் என்றாலே எனக்குப் பயம். ஜன்னல் கிடையாது, கூரையை ஒட்டி வட்ட வட்டமாக ஓட்டைகள் மட்டும். ஆளுயரச் சக்கரம் சுற்றத் தொடங்கினால் தரை அதிர்ந்து உள்ளங்கால் கூசும். சுவரில் கறுப்புக் கல் பலகை. அதில் மூடியில்லாத செம்புத் தகடுகளும் மரக் கைப்பிடியுமாக ஒரு பெரிய சுவிட்ச். கைப்பிடியை மேலே தள்ளினால் பண்ணை முழுக்கக் கரண்டு பாயும். செம்பைத் தொட்டால் கரிக்கட்டைதான் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார்.

எனக்கு ஒன்பது வயதில் ஆச்சியின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. மறுநாள் காலை மணமக்கள் பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு, ராகுகாலத்துக்கு முன் பண்ணைக்குள் நுழைய வேண்டும். நுழையும்போது அத்தனை விளக்கும் எரிய வேண்டும். பட்டப்பகலில் எதற்கு என்று கேட்கக்கூடாது. அந்த வீட்டு வழக்கம் அது. அன்று பார்த்துத்தானா பங்களாவுக்குப் போகும் கம்பி அறுந்து தொங்க வேண்டும்! நிறுத்தினால் மறுபடி கிளப்ப நேரமாகும் என்று இன்ஜினை ஓடவிட்டு, கைப்பிடியை மட்டும் கீழே இழுத்துவிட்டு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“நான் வந்து சொல்ற வரைக்கும் இத யாரும் தொடக்கூடாது. ஆச்சியே வந்தாலும் விடாத.”

சொல்லிவிட்டுக் கம்பம் ஏறப் போனார். கொஞ்ச நேரத்தில் பண்ணைக் கணக்கப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். பின்னாலேயே ஆச்சியும் வந்துவிட்டார்.

“கார் வந்துருச்சு. தள்ளு அங்குட்டு!” என்றார் கணக்கப்பிள்ளை.

“அப்பா கம்பத்துல இருக்காக.”

“அதெல்லாம் எறங்கிருப்பான்.”

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? நேரம் போகுது” என்று ஆச்சி அவரை அதட்டினார்.

அவர் கையை நீட்டினார். நான் இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினேன். செம்புத் தகடு என் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் என் சடையைப் பிடித்து இழுத்தார். அவருடைய மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. பயத்தில் பாவாடை நனைந்துவிட்டது. அப்படியும் கையை விடவில்லை.

குறடும் கையுமாக அப்பா வாசலில் வந்து நின்றார். முதலில் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, கைப்பிடியை மேலே தள்ளினார். பங்களாப் பக்கம் மேளம் முழங்கியது.

“பிள்ளைய வளத்துருக்க லெச்சணத்தப் பாரு” என்றார் ஆச்சி.

அப்பா என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அதுவரை அவர் என்னை அடித்ததேயில்லை. பிறகு ஆச்சியைப் பார்த்துக் கும்பிட்டார்.

“தெரியாமப் பண்ணிருச்சு, பொறுத்துக்கங்க ஆச்சி.”

மதியம் வந்த கல்யாணச் சாப்பாட்டை அப்பா தொடவில்லை. என் கன்னத்தில் தேங்காய் எண்ணெய் தடவினார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை யார் வந்து கைப்பிடியைத் தொட்டாலும் பேசாமல் ஒதுங்கி நின்றுகொள்வது என்று அப்போதே முடிவு செய்தேன்.