கொட்டகைக்குப் பின்னால் நூற்றைந்து

எங்கள் ஒகிநோசாவா பனிச்சறுக்கு மைதானத்தில் தோகாஷி கிக்குயேவுக்கு என்று ஒரு நாற்காலி உண்டு. டிக்கெட் கவுண்டருக்குள்ளே, எண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில், முப்பத்திரண்டு குளிர்காலமாகக் கிடக்கிறது. அவள் அதில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் குறைவு. ஒரு டிக்கெட் கொடுப்பாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள், கெட்டிலைத் தூக்கிப் பார்ப்பாள், கதவு வரை நடந்து திரும்புவாள். "அந்த நாற்காலிய எனக்குக் குடுத்துடு, லிஃப்ட்டடில போட்டுத் தூங்கிக்கிறேன்" என்பான் சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடும் இரண்டாம் லிஃப்ட்டை ஓட்டுகிற மத்ஸுஸோ.

இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடச் சறுக்கியதில்லை. காலில் பலகையைக் கட்டிக்கொண்டு மலையிலிருந்து விழச் சொல்லி எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று கேட்பாள். பனியை அவள் அறிந்ததெல்லாம் ஒரு கம்பின் வழியாகத்தான். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அளவுக்கம்பு. தினமும் காலை ஆறரைக்கு அதன் முன்னால் குனிந்து எண்ணைப் படிப்பாள். வாசலில் இருக்கிற வெள்ளை போர்டில் இத்தனை சென்டிமீட்டர் என்று தன் கையால் எழுதுவாள். அந்த எண்ணை நம்பித்தான் ஊர் ஊராக ஜனங்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்தார்கள்.

இன்னொரு வேலை கருத்துப் பெட்டி. வியாழக்கிழமை தோறும் திறந்து, ஒவ்வொரு சீட்டுக்கும் கையால் பதில் எழுதி, சீட்டோடு சேர்த்துச் சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் குத்திவைக்க வேண்டும். முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு சீட்டு வரும். நிர்வாகம் கைமாறிய இந்த மூன்று வருஷத்தில் பெட்டி கொள்ளவில்லை.

"கறிச் சோற்றில் கறியைக் காணவில்லை. மீட்புக் குழுவை அனுப்பவும்."

"மூன்றாம் லிஃப்ட் எப்போது ஓடும் என்று என் பேரன் கேட்கிறான். முன்பு என் மகன் கேட்டான்."

"லிஃப்ட் இருக்கையைத் துடைக்க ஆளில்லையா? நனைந்த கால்சட்டையோடு மலை ஏற நான் என்ன வேண்டுதலா வைத்திருக்கிறேன்?"

"சரிவில் புல் தெரிகிறது. அடுத்த முறை மாட்டை ஓட்டி வரலாமா?"

எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். 'தங்கள் மேலான கருத்துக்கு மனமார்ந்த நன்றி. இனி இன்னும் கவனமாக இருப்போம்.' வழக்கமாக வருகிறவர்களுக்கு இது மனப்பாடம். கறிச் சோறு மேஜைக்கு வந்ததும் அதைக் கோரஸாகச் சொல்லிவிட்டுத்தான் கரண்டியை எடுப்பார்கள். கிக்குயேவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடிந்ததும் எழுந்து ஜன்னலுக்குப் போவாள்.

அவளைக் குடைந்தது கறிச் சோறு இல்லை, கம்பு. லிஃப்ட்டடியில் திறந்த வெளியில் நின்ற கம்பை, பனி வண்டிக்கு இடைஞ்சல் என்று சொல்லி, புது மேனேஜர் சுகவா வந்ததுமே பிடுங்கி இயந்திரக் கொட்டகைக்குப் பின்னால் நட்டுவிட்டார். கொட்டகைக் கூரையில் விழுகிற பனி முழுக்கச் சரிந்து குவிகிற இடம் அது. நட்ட அன்று ஒரு துளிப் பனி பெய்யவில்லை. ஆனாலும் போர்டில் அறுபது நூற்றுப் பதினைந்தானது. 'நானா பொய் எழுதுகிறேன், கம்பு சொல்வதைத்தானே எழுதுகிறேன்' என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெறும் சப்பைக்கட்டு என்று அவளுக்கே தெரியும். அதனால்தான் ஜன்னலுக்கும் கதவுக்குமான அந்த நடை அதிகமானது.

இந்த வருஷம் பிப்ரவரியில் மழை பெய்தது. பனி கொட்ட வேண்டிய பிப்ரவரியில் மழை! கூரை ஓரமெல்லாம் நாள் முழுக்கச் சொட்டியது. அவள் அந்தச் சத்தம் தாங்காமல் ரேடியோவைப் போடுவாள், பிறகு ரேடியோ தாங்காமல் நிறுத்துவாள்.

வெள்ளிக்கிழமை தோறும் காலை எட்டு மணிக்கு இகராஷியின் போன் வரும். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது, டோக்கியோ பக்கத்து மூத்தோர் சறுக்குக் குழுவின் தலைவர். "எத்தனை?" என்பார். இவள் எண்ணைச் சொல்வாள். "சரி" என்று வைத்துவிடுவார். முப்பது வருஷப் பழக்கத்தில் பேச்சு மொத்தமும் இவ்வளவுதான். அந்த வாரமும் கேட்டார். நூற்றைந்து என்றாள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தவர் இரண்டாம் சரிவில் கல்லில் மோதித் தோளை முறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பெட்டியைத் திறந்தபோது அவருடைய சீட்டு இருந்தது. வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறுமுன் இடது கையால் கிறுக்கியது.

"போர்டில் நூற்றைந்து என்று இருந்தது. உங்கள் கையெழுத்து என்பதால் நம்பினேன். வரும் ஞாயிறு எங்கள் போட்டி. நாற்பது பேர், அறுபது வயதுக்குக் கீழே யாருமில்லை. நான் சறுக்க முடியாது, கொடி அசைப்பேன். வெள்ளிக்கிழமை வழக்கம்போல் கூப்பிடுகிறேன்."

அவள் பேனாவை எடுத்தாள். 'தங்கள் மேலான' என்பதற்கு மேல் கை ஓடவில்லை. கிழித்துப் போட்டாள். இன்னொரு தாள் எடுத்து அதையும் கிழித்தாள். நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"கம்பைப் பழைய எடத்துலயே வச்சிடலாமா?"

"இப்ப இருக்கிற எடத்துக்கு என்ன குறை?"

"அங்க விழுறது கூரைப் பனிங்க."

"பனி பனிதானே, கிக்குயே சான்?" மரியாதைக்கு 'சான்' சேர்க்கத் தவறாத சுகவா கெட்டவர் இல்லை, தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று குனிந்து குனிந்து பேசுகிற மனுஷன். "அம்பதுக்குக் கீழ எழுதினா ஞாயித்துக்கிழமை இகராஷி சான் குழுவோட பஸ் வராது. அதுவும் வரலைன்னா ரெண்டாம் லிஃப்ட்டை நிறுத்துன்னு மேல சொல்லிடுவாங்க. அப்புறம் மத்ஸுஸோ சான் மூஞ்சில நீங்களே முழிச்சுக்குங்க."

அவள் ஈரத்தில் சளப் சளப்பென்று நடந்து லிஃப்ட்டடிக்குப் போனாள். மத்ஸுஸோ அரிசி உருண்டை தின்றுகொண்டிருந்தான்.

"லிஃப்ட்டை நிறுத்திட்டா என்ன பண்ணுவே?"

"தூங்குவேன். ஏன், மேனேஜர் பூச்சாண்டி காட்டுறாரா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் உருண்டையைக் கீழே வைத்தான்.

"நான் ஏத்தி விடுறவன் கிக்குயே. எறங்கி வர்றத நான் பாக்கறதில்ல. போன ஞாயிறு பாத்தேன், அவரை ஸ்லெட்ஜு வண்டில கட்டி இழுத்துட்டு வந்தாங்க. என்னைச் சாக்கு வச்சு ஒண்ணும் எழுதாத, சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை அவள் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கம்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பூட்ஸ் காலால் நான்கு உதை உதைத்துப் பிடுங்கி, தோளில் போட்டுக்கொண்டு பழைய இடத்துக்கு வந்து குத்தினாள். நிற்கிற அளவுக்கு அங்கே பனி இல்லை. சாய்ந்த கம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து படித்தாள். முப்பத்தெட்டு.

போர்டில் நூற்றைந்தை அழித்து முப்பத்தெட்டு என்று எழுதினாள். எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சுகவா கவுண்டருக்குள் வந்தார்.

"கம்பை மாத்தினது யாரு?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி நீங்க. இன்னிக்கு நான்."

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள். அவள்தான் எடுத்தாள்.

"எத்தனை?"

"முப்பத்தெட்டு."

'சரி' வரவில்லை.

"போன வாரம்?"

மேனேஜர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"போன வாரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதாங்க."

"சரி" என்றார் இகராஷி. வைத்துவிட்டார். அந்தச் 'சரி'யில் கோபம் இருந்ததா, வெறும் பழக்கமா என்று அவளுக்குப் புரியவில்லை. சுகவா வெளியே போய்விட்டார். அவள் தாளை எடுத்து, எழுந்து நின்றபடியே எழுதினாள்.

'கம்பு மூன்று வருஷமாகத் தப்பான இடத்தில் இருந்தது. எனக்குத் தெரியும். மன்னியுங்கள். தோகாஷி கிக்குயே.'

சுவரில் குத்தியதை மத்ஸுஸோ வந்து படித்தான். "'எனக்குத் தெரியும்'ங்கிறது அவசியமா?"

"அத எடுத்துட்டா மறுபடியும் மனமார்ந்த நன்றிதான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் வரவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டாம் லிஃப்ட்டை நிறுத்தினார்கள். மத்ஸுஸோவை முதல் லிஃப்ட்டில் இருக்கை துடைக்கப் போட்டார்கள். மூன்று வருஷத்தில் ஒரு சீட்டுக்காவது பலன் கிடைத்ததே என்று அவன் துணியை உதறிக்கொண்டு எல்லோரிடமும் சொன்னான். கிக்குயேவால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த வெள்ளி எட்டு மணிக்குப் போன் அடிக்கவில்லை. அவள் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தாள், உயிர் இருந்தது. அடுப்பைக் குறைத்தாள், கூட்டினாள். முப்பது வருஷம் ஒரு சொல்லில் போய்விட்டது என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எட்டேகாலுக்குப் போன் அடித்தது.

"போன வாரம் பேரன் நம்பர் போட்டுக் குடுத்தான், இன்னிக்கு எடது கையால நானே அழுத்தறதுக்குள்ள மூணு தடவை வேற யார் யார் வீட்டுக்கோ போயிடுச்சு" என்றார் இகராஷி. "எத்தனை?"

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"முப்பத்தொண்ணு" என்றாள்.